ஆயிரம் முறை சுண்டிய காசு

பதினான்கு பௌர்ணமி தொடர்ந்து ரேணுகாம்பாளின் ஐந்து ரூபாய்க் காசு பூவாகவே விழுந்தது. கிரிவலப் பாதையில், வாயு லிங்கத்துக்கு எதிரே உள்ள வேப்பமரத்தடியில் யார் சுக்கு காபி விற்பது என்பதை அவளும் கன்னியம்மாளும் சண்டை போடாமல் இப்படித்தான் முடிவு செய்வார்கள். ரேணுகாம்பாள் சுண்டுவாள், மூத்தவளான கன்னியம்மாள் ஒவ்வொரு முறையும் தலை என்பாள், தோற்பாள், சிரித்துக்கொண்டே பத்தடி தள்ளி, விளக்கில்லாத ஓரத்துக்குக் கேனைத் தூக்கிப் போவாள். அங்கிருந்தே இருவரும் வாய் ஓயாமல் பேசுவார்கள். கன்னியம்மாளுக்கு வேறு சிநேகிதி கிடையாது.

அவள் மகள் சிந்துஜாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள் இல்லையா! நல்ல காசு பதினான்கு முறையும் பூ விழுவது பதினாறாயிரத்துச் சொச்சத்தில் ஒரு தடவைதான் நடக்கும். கணக்குத் தெரிந்தவளுக்கு வரும் சந்தேகம் அரிப்பு மாதிரி, சொறியாமல் அடங்காது. பதினைந்தாம் பௌர்ணமியன்று அவளே வந்து, கடைக்காரர்கள் எல்லோரும் கேட்கச் சொன்னாள்: "காசுல ஏதோ வேலை பண்ணி வெச்சிருக்கீங்க, அத்தை." ரேணுகாம்பாள் காசை அவள் கையில் வைத்தாள். கேனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, ஊரான கீழ்பென்னாத்தூருக்கே போய்விட்டாள்.

சிந்துஜா வீட்டில் ஆயிரம் முறை சுண்டி நோட்டில் குறித்தாள். தலை ஐந்நூற்று மூன்று, பூ நானூற்றுத் தொண்ணூற்றேழு. காசு சுத்தம். அப்படியும் மனம் ஒப்பாமல் இன்னொரு முறை சுண்டியபோது, அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த கன்னியம்மாள் பழக்கதோஷத்தில் "தலை" என்றாள். பூ விழுந்தது. சிந்துஜா பூ சொல்லச் சொன்னாள், தலை விழுந்தது. வேறு காசு, வேறு கை என்று இருநூறு முறை சொல்லவைத்தாள். இருநூறிலும் கன்னியம்மாள் தோற்றாள். அந்த ஆயிரம் முறையும் யாரும் தலையோ பூவோ சொல்லவில்லை என்பது சிந்துஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாளே கீழ்பென்னாத்தூருக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். ரேணுகாம்பாள் காபி கொடுத்து உபசரித்தாள். "காசு மேல டவுட்டுன்னா காசைக் கேட்டிருக்கலாம், பாப்பா. நாலு பேரு முன்னாடி என்னைத் திருடியாக்கிட்டியே" என்றாள். அதன்பின் அவள் கிரிவலப் பாதைப் பக்கம் வரவே இல்லை.

வேப்பமரத்தடி இனிக் கன்னியம்மாளுக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. மூன்று வருடமாக ஒவ்வொரு பௌர்ணமியும் தனியாகக் காசைச் சுண்டுகிறாள், தலை என்கிறாள், தோற்கிறாள், ஓரத்துக்குப் போகிறாள். அவ்வளவு கூட்டத்திலும் மரத்தடி காலியாகவே கிடக்கிறது. புதிதாக வரும் கடைக்காரர்கள் யாராவது அங்கே சாமான் இறக்கினால், அது ரேணுகாம்பாள் அத்தை ஜெயித்த இடம் என்று சிந்துஜாவே சொல்லி, அவர்களைத் தள்ளிப் போகச் சொல்கிறாள்.