பிரிய மறுத்த ஸ்வெட்டர்

எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு செயலாளர் இருக்கிறார். சங்கத்தை நடத்துவது அவர் மனைவி. இது லிஃப்டுக்குக்கூடத் தெரியும். அந்தச் செயலாளரம்மாதான் போன வாரம் வாட்ஸப் குழுவில் ஒரு படம் போட்டார். கட்டில்மேல் ஒரு பச்சை ஸ்வெட்டர், பொம்மைக்குப் பின்னிய அளவில். கீழே இப்படி எழுதியிருந்தார்: "இரண்டாம் மாடிக் கைவேலையின் லட்சணம். தண்ணீரே காட்டாமல் அலமாரியில் வைத்தது. கலப்பட நூல், தானாகச் சுருங்கிவிட்டது. யாரும் ஏமாற வேண்டாம்."

இரண்டாம் மாடி என்றால் ஊசியக்கா. கொண்டையில் எப்போதும் ஒரு பின்னல் ஊசி செருகியிருக்கும், அதனால் அந்தப் பெயர்.

அந்த ஸ்வெட்டரின் ஜாதகமே எனக்குத் தெரியும். எதிர் வீடு, கதவு திறந்திருந்தால் கண் போகும், மூடியிருந்தால் காது போகும். மார்பைச் சுற்றி இலைக்கொடி வேண்டும் என்று செயலாளரம்மா கேட்டார். ஊசியக்கா கட்டம் போட்ட தாளில் வரைந்து வரைந்து காட்டினாள். ஏழாவது இலைதான் அம்மாவுக்குப் பிடித்தது. அளவெடுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றவர், போட்டுப் பார்க்கும்போது விட்டுவிட்டார். இடுப்பு இறுக்கிப் பிடித்தது. ஊசியக்கா பாதியைப் பிரித்து மறுபடி பின்னினாள். கை இரண்டு விரல் நீளம் என்றார், குறைத்தாள். கழுத்து நெருக்குகிறது என்றார், தளர்த்தினாள். கடைசியில் கண்ணாடி முன்னால் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, "உன் கைக்குத் தங்கக் காப்புதான் போடணும்" என்றார். அதே வாய்!

படம் வந்த மறுநாளே பல் டாக்டரம்மா, தான் சொல்லிவைத்த தொப்பி வேண்டாம் என்றுவிட்டார். அதுகூடப் போகட்டும். பள்ளி வேன் ஓட்டுநர்கள் இருபத்திரண்டு பேருக்குக் குளிர்காலத் தொப்பி பின்ன வேண்டும். ஊசியக்காவுக்கு வந்ததிலேயே பெரிய வேலை. படம் அவர்கள் தலைவர் போனுக்கும் போய்விட்டது. யார் அனுப்பினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். "ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து பேசறேன்" என்றாராம் வேன் அண்ணன். அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது, வேலை கைவிட்டுப் போகிறது என்று ஊசியக்கா சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

ஞாயிறு காலை அவளே சங்க அறைக்கு எல்லாரையும் கூப்பிட்டாள். வேன் அண்ணன் ஒரு ஓரத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். செயலாளரம்மா ஸ்வெட்டரை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவதுபோல் கொண்டுவந்து மேஜையில் போட்டார். பின்னாலேயே செயலாளரும் வந்தார், நிழல் மாதிரி.

"இது தண்ணியில படவே இல்லியாம்மா?" என்று கேட்டாள் ஊசியக்கா.

"எத்தனை தடவை சொல்றது? ஒரு சொட்டுகூடப் படல."

"இனிமே இது எதுக்காவது உதவுமா?"

"குப்பையில போடத்தான் உதவும்."

"அப்ப வெட்டலாம்ல?"

"தாராளமா வெட்டு. எனக்கென்ன வந்துச்சு?"

ஊசியக்கா தன் நோட்டைத் திறந்தாள். எந்த ஸ்வெட்டரானாலும் தொடங்கும் முன் அதே நூலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னிப் பார்ப்பாள். அந்தப் பக்கத்தில் பச்சைத் துண்டு ஊக்கில் தொங்கியது. அதன் நடுவில் கத்தரி வைத்தாள். வெட்டிய இடத்தில் ஒரு நூலைப் பிடித்து இழுத்ததும் கண்ணி கண்ணியாக, சரசரவென்று, துண்டு பிரிந்து மேஜையில் சுருளாக விழுந்தது.

"கம்பளிப் பின்னல்னா வெட்டினா இப்படித்தான் பிரியும். இப்ப இதைப் பாருங்க." ஸ்வெட்டரின் வயிற்றில் கத்தரியை ஓட்டினாள். கத்தரி திணறியது. "அண்ணே, நீங்களே இழுங்க."

வேன் அண்ணன் இழுத்தார். ஸ்டீயரிங் பிடித்த கை. நூல் அசையவில்லை. ஓரம் கம்பளம் வெட்டியதுபோல் நின்றது.

"கொதிக்கிற தண்ணியில போட்டு உருட்டி எடுத்தாத்தான் கம்பளி இப்படி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இறுகும். அலமாரியில அடுப்பு வெச்சிருக்கீங்களாம்மா?"

"அது... நூலே அப்படி..."

"அதே நூல்தானே இப்ப பிரிஞ்சுது!" என்று நான் கத்திவிட்டேன். எனக்கு அங்கே வேலை இல்லைதான். கத்தினேன்.

அப்போதுதான் நிழல் பேசியது. "மெஷினைத் தொண்ணூறு டிகிரியில வெச்சேன். குளிக்கிற துண்டெல்லாம் துவைக்கிறப்ப தெரியாம சேர்த்துப் போட்டுட்டேன். உன்கிட்ட அன்னிக்கே சொன்னேனேம்மா."

அன்னிக்கே! தெரிந்தே படம் போட்டிருக்கிறார்! உழைத்தவள் பெயரில் சேறு பூசினாலும் பூசலாம், தன் வீட்டு வாஷிங் மெஷினுக்கு இழுக்கு வரக் கூடாது. இப்படியும் ஒரு கௌரவமா?

செயலாளரம்மா கணவரைப் பார்த்த பார்வையில் இன்னும் இரண்டு ஸ்வெட்டர் சுருங்கியிருக்கும். "வீட்டுக்கு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மன்னிப்பா? மூச்சு விடவில்லை.

வேன் அண்ணன் எழுந்து ஊசியக்காவிடம் தலையைக் குனிந்து காட்டினார். "அளவெடுத்துக்கம்மா. என் தலையிலேர்ந்தே ஆரம்பி. மூச்செல்லாம் இழுத்துப் பிடிக்க மாட்டேன்." அந்த மூச்சுக் கதையை அவர் காதில் போட்டது நான்தான்.

குழுவில் அந்தப் படத்தைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டார் செயலாளரம்மா. ஊரெல்லாம் கேட்கத் திட்டியவர், அழிக்கும்போது மட்டும் பூனை நடை நடக்கிறார். ஊசியக்கா விட்டுவிட்டாள்; நான் விடவில்லை. அழிப்பதற்கு முன்பே அந்தப் படத்தை எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

குப்பைக்குப் போக வேண்டிய பச்சையை அவள் நான்கு துண்டாக வெட்டி, ஓரம் தைத்து, ஒரு தொப்பியாக்கிச் செயலாளருக்கே கொடுத்தாள். இலைக்கொடி நெற்றிக்கு நேராக வருகிறது. செயலாளர் தினமும் அதைப் போட்டுக்கொண்டுதான் காலை நடைக்குப் போகிறார். அழகாயிருக்கே, எங்கே வாங்கினீர்கள் என்று யாராவது கேட்டால் நின்று நிதானமாகச் சொல்கிறார்: "பின்னினது ஊசியக்கா. துவைச்சது நான்."

கேட்காதவர்களுக்கு நான் சொல்கிறேன்.