பூஜ்யத்துக்குக் கீழே

திரையில் கோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஆய்வுக்கூடத்துப் பெண் நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். உயிருள்ள செல் சூடு விடும். எவ்வளவு சொற்பமானாலும் விடும். ஒரு குழியில் செல், இன்னொரு குழியில் வெறும் திரவம்; இரண்டுக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தை அளப்பதுதான் இந்தக் கலோரிமீட்டரின் வேலை. உயிர் இருந்தால் கோடு பூஜ்யத்துக்கு மேலே நிற்கும். செத்திருந்தால் பூஜ்யத்திலேயே படுத்துவிடும். கீழே போவதற்கு நியாயமே இல்லை.

உள்ளே இருந்தது ஒரு வெல்டரின் தோல். தீக்காயப் பிரிவில் கிடக்கும் அவருடைய தொடையிலிருந்து துளி எடுத்து, வாரக்கணக்கில் வளர்த்து, அதில் வெட்டிய துண்டு. துண்டு உயிரோடு இருந்தால் மீதித் தோலை இன்று மதியமே அவர் முதுகில் ஒட்டிவிடுவார்கள். இல்லையென்றால் மறுபடி வெட்டி, மறுபடி வளர்த்து, அதுவரை அந்த மனிதர் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும். அவர் மனைவி வெளியே நடந்துகொண்டிருந்தாள்.

"அண்ணே, கொஞ்சம் வாங்களேன்."

பக்கத்து மேசைக்காரர் வந்தார். அதே கருவியின் இன்னொரு பக்கத்தில், சிமெண்ட் இறுகும்போது வரும் சூட்டை நாள்கணக்கில் அளந்துகொண்டிருப்பவர். எல்லோருக்கும் அவர் சிமெண்ட் அண்ணன்.

"குழாயை மாத்திப் போட்டுட்டியாம்மா? தோல் இருக்க வேண்டிய குழியில வெறும் திரவம் இருந்தா தலைகீழாத்தான் காட்டும். கல்யாணமான புதுசுல நானும் இந்தக் கூத்து அடிச்சிருக்கேன். மைனஸைப் பிளஸ்ஸா மாத்திப் போட்டு அனுப்பு."

"சரியா வச்சிருந்தேன்னா? வெறும் திரவத்துல கிருமி விழுந்து அது சூடானாலும் கோடு கீழதானேண்ணே போகும்? தோல் செத்துக் கிடக்கும், நான் உயிரோட இருக்குன்னு சொல்லிடுவேன். திறந்து பார்த்தாத்தான்..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். கருவிக்கு ஒரே மூடி. திறந்தால் சிமெண்டின் கோடும் கெட்டுவிடும். பாதி இறுகியதை மறுபடி குழைக்கவா முடியும்?

அவர் முகம் சுருங்கியது. "நாளைக்கு முடிஞ்சிடும்மா. ஒரு நாள் பொறுக்கக் கூடாதா?"

"டாக்டர் மதியம் கத்தி எடுக்கறாருண்ணே."

அவர் தன் மேசைக்குப் போனார், திரும்பினார், கதவுக் கண்ணாடியருகே நின்று தலையைச் சொறிந்தார். அவள் வாய்க்குள் கடவுளைக் கூப்பிட்டாள். வெல்டருக்காகவா, அண்ணனுக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அந்தம்மா ஏன் செருப்பைக் கையில வச்சிருக்காங்க?"

"சத்தம் கேட்டா மெஷின் தப்பாக் காட்டிடுமோன்னு பயம். காலையிலேர்ந்து அப்படித்தான் நடக்கறாங்க."

அவர் நேரே வந்து மூடியைத் தூக்கினார். "சீக்கிரம் பாரு. ஞாயித்துக்கிழமையும் இங்கதான் குடியிருக்கணும். என் பொண்டாட்டிகிட்ட நீதான் சொல்ற."

திரவம் இருக்க வேண்டிய குழியிலிருந்து குழாயை இடுக்கியால் தூக்கினாள். அடியில் நகமளவு வெள்ளைத் தோல். மாற்றித்தான் வைத்திருக்கிறாள். இரண்டு குழாயும் தெளிவாக இருந்தன, கலங்கல் இல்லை. கோடு இறங்கிய ஆழமெல்லாம் அந்தத் தோல் விட்ட சூடு.

டாக்டரிடம் போனில் முதலில் தன் தவறைச் சொன்னாள், திட்டு வாங்கிக்கொண்டாள், பிறகு தோல் உயிரோடு இருப்பதைச் சொன்னாள். கதவைத் திறந்து அதையே வெல்டரின் மனைவியிடம் சொன்னபோது, அந்த அம்மா வார்டை நோக்கி ஓடினாள்.

வெல்டருக்கு சிமெண்ட் அண்ணனைத் தெரியாது, தெரியப்போவதும் இல்லை. தெரிய வேண்டியவனுக்குத் தெரியும்.

"நின்னு என்ன பார்க்கற?" என்றார் அவர், கெட்டுப்போன சிமெண்டைக் குப்பையில் தட்டியபடி. "புது சிமெண்ட் எடை போடணும், அந்தத் தராசைத் துடைச்சுக் குடு."