வாய் நனைக்க மட்டும்

ஜம்புநாதனுக்கு டயபர் கட்டிய அன்றுதான் இருதயராஜ் தண்ணீரைக் குறைத்தார்.

ஏ.எஸ்.ராவ் நகரின் அந்த முதியோர் இல்லத்தில் இருவருக்கும் ஒரே அறை. கழிவறைக்குப் போகிற வழியில் ஜம்புநாதன் ஒரே ஒரு தடவை வேட்டியை நனைத்துவிட்டார். மறுநாள் அவரைக் கேட்காமலே கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவரைக் கழிவறைக்குக் கூட்டிப்போக யாரும் வரவில்லை. கூப்பிட்டால், "அதான் போட்டிருக்கே, அதுலயே போங்க" என்றார்கள். மெல்ல மெல்ல அவர் எழுந்திருப்பது நின்றது. பேச்சும் குறைந்தது.

"பேபி, காலைத் தூக்கு. குட் பாய்!" என்றாள் டயபர் மாற்ற வந்த ஆயா.

வங்கியில் மேலாளராக இருந்த மனிதர் சொன்னபடி காலைத் தூக்கினார். இருதயராஜ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்தவர் அவர். அவருடைய அப்பாவுக்கும் அங்கேதான் வேலை. கண்ணை மூடிய நாளிலும் காலையில் தானே நடந்துபோய்க் குளித்துவிட்டு வந்து படுத்தவர் அப்பா. இடுப்புத் துணியை அடுத்தவர் கையில் கொடுத்த ஆண்பிள்ளை அந்த வீட்டில் கிடையாது. ஆனால் இருதயராஜின் முழங்கால்கள் இப்போது சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அவர் எழுந்து நிற்பதற்குள் அவசரம் முந்திக்கொண்டது. உள்ளே போனால்தானே வெளியே வரும்? மாத்திரைக்கு ஒரு மடக்கு, வாய் நனைக்க இன்னொரு மடக்கு. மீதியை வாஷ்பேசினில் கொட்டினார்.

சித்திரை வெயில் கூரையைத் தின்றுகொண்டிருந்தது. பணிப்பெண் உஷா ஒருநாள் அவரைக் கையும் களவுமாகப் பிடித்தாள்.

"என்ன அங்கிள், தண்ணி எல்லாம் பேசினுக்கே ஊத்தறீங்க? அதுக்கு அவ்ளோ தாகமா?"

"உன் வேலையைப் பாரு."

"இதுதான் என் வேலை. உங்க பயம் எனக்குத் தெரியும். நல்லா குடிங்க. அப்பப்ப நானே வந்து கூப்பிடறேன். கையைப் புடிச்சு நடந்து வாங்க, உள்ள நீங்களே போங்க. நான் வாசல்ல திரும்பி நிக்கறேன்."

"பொம்பளைப் புள்ள வாசல்ல காவல் நிக்க, நான் உள்ள போகணுமா? நக்கோ, வேணாம்!"

"உங்க கௌரவம் வெயிலுக்குத் தெரியாது அங்கிள்."

சிறுநீர் கறுத்தது, எரிந்தது. அதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு தலை சுற்றியது. தெரிந்த பெயர்கள் நழுவின. ஒரு மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு எழுந்து நின்று, "ஷிப்டு சங்கு ஊதிட்டாங்களா?" என்று கேட்டார். எல்லார் கண்களும் அவர் காலடிக்குப் போயின. தரை நனைந்திருந்ததைக் கடைசியாகப் பார்த்தவர் அவர்தான்.

ஊரின் மறுகோடியான கொண்டாப்பூரிலிருந்து மகன் ஆண்டனி வந்து சேர்ந்தபோது இருதயராஜ் கட்டிலில் கிடந்தார். தலை சற்றுத் தெளிந்திருந்தது. இல்லத்தின் மேனேஜர் பத்மப்ரியா குரலைத் தணித்துப் பேசினாள்.

"அங்கிளோட சேஃப்டிக்குத்தான் சார். டயபர் போட்டுட்டா எழுந்திருக்க வேண்டாம். நாளைக்கு வழுக்கி விழுந்துட்டா யார் பதில் சொல்றது?"

"அண்ணா, அவருக்கு அது வேணாம்," என்று உஷா குறுக்கே வந்தாள். "தண்ணி குடிக்காமதான் இப்படி ஆயிடுச்சு. டாக்டர்கிட்ட காமிச்சு, நல்லா தண்ணி குடுத்து, நேரத்துக்கு நடத்திக் கூட்டிட்டுப் போனா போதும். நம்பலேன்னா அவரையே கேளுங்க."

ஆண்டனி குனிந்தார். "அப்பா, தண்ணி குடிக்கறதில்லையா?"

ஆமாம் என்றால் ஏன் என்று கேட்பான். வேட்டி நனைந்துவிடும் என்று பயந்தேன் என்பதைப் பெற்ற பிள்ளையிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது பக்கத்துக் கட்டிலில் கிடந்தது. இருதயராஜ் இரண்டையும் பார்த்தார். கைகளை ஊன்றி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"எவன்டா சொன்னது? வேளாவேளைக்குக் குடிக்கிறேன். இந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்?"

"அங்கிள்..."

"எங்கப்பா பொய் சொல்ல மாட்டார்மா," என்றார் ஆண்டனி. அதில் பெருமை இருந்தது. பத்மப்ரியாவின் பக்கம் திரும்பிச் சம்மதமாகத் தலையசைத்துவிட்டு, மரியாதையாக வெளியே போனார்.

யாரோ டயபர் பாக்கெட்டைக் கிழித்தார்கள். உஷா இருதயராஜின் காதருகே குனிந்து, "இப்பவாவது சொல்லிடுங்க, நான் ஓடிப்போய் அண்ணனைக் கூப்பிடறேன்," என்றாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். வேட்டி முடிச்சில் ஒரு கை பட்டது.

வராந்தாவில் ஆண்டனி மனைவியிடம் போனில் பேசுவது உள்ளே கேட்டது. "அப்பா தெளிவா இருக்காரு. கவலைப்பட ஒண்ணும் இல்ல."