வாசலுக்கு வெளியே

அறிவியல் டீச்சர் உள்ளே வந்ததும் ஆசிரியர் அறையில் பேச்சு சட்டென்று நின்றது. ஆளாளுக்குத் தேநீரில் இல்லாத தூசியைத் தேடினார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டு ஒரு வாரம் ஆகிறது. அதற்கு முந்தைய நாள், கேட்ட கேள்விக்கு வாயே திறக்கவில்லை என்று அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவள் அவள். நிறுத்தியவள் பாட மும்முரத்தில் திரும்பக் கூப்பிட மறந்துபோனாள். மணியடித்து வெளியே வந்தபோது சுவரில் சாய்ந்தபடி நின்றிருந்தான். "போ, போ" என்றாள். அவ்வளவுதான்.

யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அடுத்த மணிக்கு அதே வகுப்பு. வேலையே வேண்டாமென்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிடலாம் என எழுந்தாள்.

விளையாட்டு ஆசிரியர் குறுக்கே வந்தார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் விசில்.

"கிளாஸ் அந்தப் பக்கம் டீச்சர்."

"என்னால முடியாது சார். அந்தக் கதவைப் பார்த்தாலே..."

"இது உங்க ஒருத்தரால நடந்ததில்ல. அவன் மனசுல என்னென்ன இருந்துச்சோ. தினமும் என் கிரவுண்ட்ல ஓடுன பையன், எனக்கே தெரியலயே." அவர் குரல் உடைந்து தேறியது. "உள்ள மத்த பிள்ளைங்க இருக்காங்க. பயந்துபோய் இருக்காங்க. வாங்க, நானும் வர்றேன்."

"வந்து? அறிவியல் நடத்தவா போறீங்க?"

"ஐயையோ, அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். சும்மா நிப்பேன். வெயில்ல நின்னு பழகின காலுதானே."

ஆண்டவனே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வகுப்புக்குள் போனாள். பிள்ளைகள் எழுந்து, சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள். பலகையில் தலைப்பு எழுதும்போது சுண்ணக்கட்டி இரண்டு முறை உடைந்தது. கதவுப் பக்கம் திரும்பாமலே பாதிப் பாடம் ஓடியது. பிறகு தாங்காமல் திரும்பிவிட்டாள்.

அந்த இடம் காலியாக இல்லை. விசில் சார் அதே சுவரோரம், கைகட்டி, தண்டனை வாங்கிய பையனைப்போல நின்றிருந்தார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

முதல் பெஞ்சுச் சிறுமி எழுந்தாள். "மிஸ், சாரை உள்ள கூப்பிடுங்க மிஸ். ரொம்ப நேரமா நிக்கிறாரு."

டீச்சர் வாசலுக்குப் போனாள். அன்றைக்கே அந்தப் பையனிடம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

"உள்ள..." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள வாங்க."

அவர் தலைகுனிந்து உள்ளே வந்தார். கடைசிப் பெஞ்சில் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் ஒட்டி உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டார்கள். அவர் முழங்கால் முன்பெஞ்சில் இடித்தது.

அவள் பலகைக்குத் திரும்பினாள். கதவைச் சாத்தவில்லை.