இழுத்து அகலமாக்கிய அறை

மாடியறையை வாடகைக்கு விடலாம் என்று என் கணவர் ஒரு காலையில் டீ குடிக்கும்போது அறிவித்தார்.

"ரூம் சும்மாதானே கிடக்குது."

அந்த அறையில் தினமும் மத்தியானம் முழுக்க ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிறவள் நான். மகள் கல்யாணமாகிப் போன பிறகு அது எனக்கென்று அமைந்த அறை. வீட்டில் வேறெங்கும் என்னால் ஒரு பக்கம்கூட முழுதாகப் படிக்க முடிந்ததில்லை. சும்மா கிடப்பதாக அவர் சொன்னது அறையையா, அதில் கிடந்த என்னையா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கோபம் வந்தால் எனக்குப் பேச்சு நின்றுவிடும். சந்தோஷம் வந்தாலும் அப்படித்தான். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கும் சிரமத்தை அவர் கல்யாணமான புதிதிலேயே கைவிட்டுவிட்டார்.

நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் நிலத்தில் ஒரு விரற்கடை அளவு பிசகினாலும் சங்கிலியைப் போட்டு மறுபடி அளப்பார். ஓய்வுக்குப் பிறகு அந்தக் கவனமெல்லாம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியது. தெருவைப் பார்த்த முன்னறையில் மேசை, கம்ப்யூட்டர், ஒரு சுழல் நாற்காலி. அதற்கு ஆபீஸ் ரூம் என்று பெயர். ஆபீசில் நடக்கும் வேலை சீட்டாட்டம். எதிரில் ஆடுவதும் கம்ப்யூட்டர்தான். தோற்றால் மட்டும் எரிந்து விழ நான் தேவைப்படுவேன்.

அவர் கொடுத்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஒரு பிசியோதெரபி டாக்டர் போன் செய்தாள். முட்டிவலி, இடுப்புவலிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்க இடம் தேடுகிறாளாம். இருப்பது வேறு ஊர். போட்டோக்களை மெயிலில் அனுப்பினால், பிடித்திருந்தால் நேரில் வருவதாகச் சொன்னாள்.

"இவ்வளவுதானேம்மா! அரை மணி நேரத்துல அனுப்பிடறேன்" என்றார்.

கேமராவோடு மாடிக்கு வந்தார். நான் நாற்காலியில் இருந்தேன்.

"கொஞ்சம் எழுந்திருக்கிறியா?"

நான் பக்கத்தைப் புரட்டினேன்.

"சரி, இரு. ஆள் இருந்தாத்தான் ரூமோட அளவு தெரியும்."

அறையை எடுத்தார், ஜன்னலை எடுத்தார், கீழே இறங்கி மாடிப்படியைப் பக்கவாட்டில் நின்று எடுத்தார். பிறகு ஆபீஸ் ரூமில் போய் உட்கார்ந்தார். அரை மணி நேரம் போனது. சாப்பாட்டு நேரமும் போனது. மெயில் போகவில்லை. போட்டோக்கள் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கின்றன என்று திரையில் வந்துகொண்டே இருந்தது.

"சின்னதாத்தானே ஆக்கினேன்!" என்று கத்தினார். போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு போட்டோவையும் திறந்து, கழித்தல் குறியை அழுத்தி அழுத்தித் தபால்தலை அளவுக்குக் கொண்டுவந்து, அது மறுபடி பெரிதாகிவிடுவதற்குள் சட்டென்று மூடிவிட்டு அனுப்பியிருக்கிறார். போட்டோவைத் தூரத்தில் நின்று பார்த்தால் அதன் எடை குறைந்துவிடும் என்பது அவர் கணக்கு.

கடைசியில் என் தம்பிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார், நானும் கற்றுக்கொள்ள வேண்டுமே.

"அத்தான், நீங்க பண்ணது ஜூம். படம் அப்படியேதான் இருக்கும். ரீசைஸ் பண்ணணும்."

"ரெண்டும் ஒண்ணுதானே மாப்ளே?"

"ஒண்ணு இல்ல அத்தான். பைனாகுலரைத் திருப்பிப் பிடிச்சா அக்கா குள்ளமாவா ஆயிடுவா?"

"உங்க அக்கா எதுக்கும் மாற மாட்டா. நீ விஷயத்தைச் சொல்லு."

தம்பி சொன்னான். ரீசைஸ் என்கிற இடத்தை அழுத்தவேண்டும். அகலம், உயரம் என்று இரண்டு கட்டங்கள் வரும். அகலத்தில் எண்ணைக் குறைத்துப் போட்டால் உயரம் தானாகக் குறையும். பக்கத்தில் ஒரு சின்ன டிக் இருக்கும், அதைத் தொடக்கூடாது.

"ஏன் தொடக்கூடாது?"

"தொடாதீங்க அத்தான், அவ்வளவுதான். ஆளை விடுங்க, மீட்டிங் இருக்கு."

தொடாதே என்று அந்த மேசையில் மற்றவர்களுக்குச் சொல்லும் உரிமை அவருக்கு மட்டும்தான் இருந்தது. போனை வைத்த கையோடு டிக்கை எடுத்தார்.

"நான் ஒரு இடத்துல எண்ணைப் போட்டா இன்னொரு இடத்துல அது இஷ்டத்துக்கு எண்ணைப் போடுது. யாரு சர்வேயர், நானா அதுவா?" என்றவர், எல்லாப் படத்திலும் உயரத்தைக் கால்வாசி ஆக்கினார். அகலத்தில் பாதியை வைத்துக்கொண்டார். "உயரத்தை வெச்சு வாடகைக்கு வர்றவங்க என்ன பண்ணப் போறாங்க? தரைதான் முக்கியம்."

படம் சப்பென்று அமுங்கியது. சுவர்க்கடிகாரம் முட்டையானது. என் ஒற்றை நாற்காலி மூன்று பேர் உட்காரும் சோபாவானது. அதில் ஒருத்தி, சோபாவை மிச்சம் வைக்காமல், புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ரூம் நல்லா விசாலமா வந்திருக்கு, இல்ல?"

இந்தக் கேள்விக்கு நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பெண் வருவாள், பார்ப்பாள், திட்டிவிட்டுப் போவாள். நாலு பேரிடம் சொல்லவும் செய்வாள். அறை எனக்கே மிஞ்சும். இத்தனை வருஷத்தில் அவருடைய கம்ப்யூட்டர் ஞானம் எனக்குப் பயன்பட வந்தது இதுதான் முதல் தடவை. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மெயில் பறந்தது. வெற்றி பெற்றவர் ஆறிப்போன சோற்றை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் பதில் வந்தது. உரக்கப் படித்தார். அறை பெரிதாக இருக்கிறது, சந்தோஷம். மாடி என்பதால் தயங்கினேன், ஆனால் படிக்கட்டு நல்ல சாய்வாக, ஏறுவதே தெரியாதபடி இருக்கிறது. என் நோயாளிகளுக்கு அதுதான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பின்குறிப்பு: சோபாவில் இருக்கும் பருமனான அம்மாவும் அந்த அறையில்தான் இருப்பார்களா? அவர்களுக்கு முட்டிவலி இருந்தால் தயங்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

படித்து முடித்து என்னைப் பார்த்தார். எலும்பை எண்ணிவிடலாம் என்று என் மாமியார் பெண் பார்த்த அன்றே சொன்ன உடம்பு இது.

"யாரைச் சொல்றா இவ?" என்றார், உண்மையாகவே குழம்பி.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மகள் வயசுதான் இருக்கும். மாடிப்படியின் கீழே நின்று மேலே பார்த்தாள். கையிலிருந்த போனைப் பார்த்தாள். மறுபடி மேலே பார்த்தாள்.

"சார், இந்த வீட்டுல இன்னொரு படி இருக்கா?"

"இதேதாம்மா. போட்டோல கொஞ்சம் வெளிச்சம்..."

"இது ஏணி மாதிரி இருக்கே சார்! முட்டிவலிக்காரங்க இதுல ஏறினா, இறங்கும்போது ஆம்புலன்ஸ்தான் வரணும்."

"ஏறிட்டா ரூம் பெருசும்மா. நான் சர்வேயர், அளவுல பொய் சொல்ல மாட்டேன்."

ஏறிப் பார்த்தாள். பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தாள். அவளுக்கு எதிரிலேயே, அவர் பிடித்துக்கொண்ட டேப்பின் மறுமுனையிலேயே, அந்த அறை தன் உண்மையான அளவுக்குத் திரும்பியது. என் நாற்காலியை ஒரு கணம் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். போனைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டாள். நல்ல வளர்ப்பு.

"மன்னிச்சிடுங்க சார். இது சரிப்படாது."

எனக்குள் ஒரு விளக்கு ஏற்றினாற்போல இருந்தது. வாசல்வரை போய் வழியனுப்பலாம் என்று நானும் இறங்கினேன். செருப்பை மாட்டப்போனவள் பக்கத்துக் கதவைப் பார்த்து நின்றாள்.

"இந்த ரூம் என்ன சார்? தெருவைப் பார்த்து இருக்கே. படியே ஏற வேண்டாம்."

"அது ஆபீஸ்மா."

"பார்க்கலாமா?"

அவர் பதில் சொல்வதற்குள் டேப் உள்ளே போய்விட்டது. இரண்டு கட்டில் போடலாம், ஓரத்தில் பயிற்சி சைக்கிள் வைக்கலாம் என்றாள். மாடிக்குச் சொன்ன வாடகையையே தருவதாகவும், நாளைக்கே ஆள் அனுப்புவதாகவும் சொன்னாள். அவர் தலையைத் தடவினார். வாடகையையும் விட மனசில்லை, கம்ப்யூட்டரையும் விட மனசில்லை. பிறகு முகம் தெளிந்தது.

"அதுக்கென்ன, என் மேசையை மாடில போட்டுக்கறேன். இவ ஓரமா படிச்சுக்கட்டும்."

ஜன்னலோரத்தில் நான், என் முதுகுக்குப் பின்னால் சீட்டாட்டம், ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு விமர்சனம். வாயை மூடிக்கொண்டே இந்த அறையைக் காப்பாற்றிவிடலாம் என்று இருந்தேன். எவ்வளவு கெட்டிக்காரி!

"வேண்டாங்க" என்றேன்.

என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. இருவரும் திரும்பினார்கள்.

"அது என் ரூம். அதுல வேற எதுவும் வராது."

"என்ன திடீர்னு..."

"திடீர்னு இல்ல."

மேலே விளக்கம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தேவைப்படவும் இல்லை. டாக்டர்தான் முதலில் தலையாட்டினாள்.

"சாப்பாட்டு மேசைல வெச்சுக்கோங்க சார். நேரா உட்காருவீங்க, இடுப்புக்கும் நல்லது."

இப்போது கம்ப்யூட்டர் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. அதைச் சுற்றித்தான் தட்டுகளை வைக்கிறேன். முன்னறையிலிருந்து பகலெல்லாம் "ஐயோ, அம்மா, விட்டுடுங்க" என்று பெரிய மனிதர்கள் அலறுகிறார்கள். நான் தேடிய அமைதிக்கும் இதற்கும் வெகுதூரம். இருந்தாலும் அந்த அலறலில் என் பெயர் இல்லை, படிக்க முடிகிறது.

நேற்று மத்தியானம் மாடிப்படியில் அவர் காலடி கேட்டது. வாசலில் நின்றது. திறந்துதான் இருந்தது கதவு. ஆனாலும் விரலை மடக்கித் தட்டினார். இந்த வீட்டில் அவர் ஒரு கதவைத் தட்டி நான் கேட்டதில்லை.

இரண்டாவது தடவையும் தட்டட்டும் என்று, படித்த வரியையே மறுபடி படித்துக்கொண்டிருந்தேன்.