ஒரு மணி வரைக்கும்

தூரிகை நுனியில் ஈரப் பீங்கான் மாவு ஒரு துளி நின்றுகொண்டிருந்தபோது போன் மறுபடியும் அடித்தது. எடுக்காமல் விட்டால் விடாமல் அடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். தூரிகையை வைத்துவிட்டு எடுத்தாள். போன வாரம் அனுப்பிய கடைவாய்ப் பல் என்னவாயிற்று என்று ஒரு டாக்டர் கேட்டார். அவருக்குப் பதில் சொல்லி வைப்பதற்குள் இன்னொருவர். திரும்பி வந்து பார்த்தால், பாதி பூசியிருந்த முன்பல் காய்ந்துபோயிருந்தது. காய்ந்ததன் மேலேயே பூசி உலையில் வைத்தால் மயிரிழை போல வெடிப்பு விடும். எல்லாவற்றையும் வழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். அந்தக் காலையில் அந்தப் பல்லுக்கு அது மூன்றாவது பிறவி.

பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள், அவள் பல் செய்து கொடுப்பாள். தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்றே பெயர். ஒரு அறை, இரண்டு மேஜை, ஜன்னலோரம் சின்னதாக ஒரு மின்சார உலை. அச்சில் பிளாஸ்டர் ஊற்றுவதும் மெருகு போடுவதும் நாத்தனார். பல்லக்காவின் கைவேலை சுத்தம் என்று டாக்டர்கள் சொல்வார்கள். சொன்ன நாளுக்குக் கிடைக்காது என்பதையும் அதே மூச்சில் சொல்வார்கள். யார் எதைக் கேட்டாலும் "ஆகட்டும் டாக்டர்" என்றுதான் அவள் வாயில் வரும். சொல்லிவிட்டு, ஆறிப்போன சோற்றை ஏதோ ஒரு நேரத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு, விளக்கு வைத்த பிறகும் குனிந்தே உட்கார்ந்திருப்பாள். சோம்பேறி என்று யாராவது சொன்னால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். நாளெல்லாம் ஓடியும் சல்லடையில் தண்ணீர் பிடித்த கதையாகப் போகிறதே என்பதுதான் அவளை அரித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. எச்சில் கையோடு எழுந்து போய்ப் பேசிவிட்டு வந்தாள். அவள் புருஷன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். அவள் உட்காரும்வரை பொறுத்திருந்து கேட்டான்.

"நான் வண்டி ஓட்டும்போது போன் பண்ணினா எடுக்கறனா?"

"எப்படி எடுப்பீங்க?"

"என்னிக்காவது அதுக்காகக் கோச்சுக்கிட்டியா?"

"அது வண்டி. அத்தனை உசுரு உக்காந்திருக்கு. இது பல்லுதானே."

அவன் கை கழுவ எழுந்தான். "பல்லுதானேன்னு நீயே சொன்னா, ஊரு என்ன சொல்லும்?"

கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷமாகத் தன் வேலையை யார் வேண்டுமானாலும் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தது தான்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் எல்லா டாக்டர்களையும் அவளே கூப்பிட்டாள். பகல் ஒரு மணி வரைக்கும் போன் எடுக்க மாட்டேன், அதற்கு மேல் நானே கூப்பிட்டு எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன் என்றாள். அவள் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. சரி என்றார்கள். ஒருவர், நல்லதும்மா என்றுகூடச் சொன்னார். கடைசியாக டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். ஒற்றை மேஜையோடு இந்த லேப்பை ஆரம்பித்தபோது, இவளை நம்பி முதல் வேலை கொடுத்தது அந்த அம்மாதான். இன்றைக்கும் பாதி வேலை அங்கிருந்துதான் வருகிறது.

"அவசரம்னா?" என்றார் டாக்டரம்மா.

"யாரையாவது நேர்ல அனுப்புங்க டாக்டர். கதவு திறந்துதான் இருக்கும்."

"பெரிய ஆளாயிட்டே," என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அங்கிருந்து அச்சுப் பெட்டி வருவது நின்றது. ஒரு வாரம் போயிற்று, இரண்டாவது வாரமும் போயிற்று. "வீடு தேடி வந்த மகாலட்சுமிய வாசல்ல நிக்க வச்சுட்டோமோ அண்ணி?" என்று நாத்தனார் முணுமுணுத்தாள். ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைத்துவிட்டோமோ என்று பல்லக்காவின் கை அடிக்கடி போனைத் தேடியது. ஆனால் அந்தக் காலைகளில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. பூச ஆரம்பித்த பல்லைப் பூசி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். வெந்து வெளியே வந்தவற்றில் வெடிப்பே இல்லை. ஒருநாள் ஒரு முன்பல்லை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். விளிம்பில் மட்டும் லேசாக ஒளி ஊடுருவியது, தானாக முளைத்த பல்லில் இருப்பது போலவே. வாயில் வைத்தால் அதைப் போட்டுக்கொள்கிறவருக்கே எது தன் பல் என்று குழம்பும். நாத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். "கடவுளுக்கே போட்டியா அண்ணி?" என்றாள் அவள். ஒரு மணிக்கு இருவரும் சூடாகச் சாப்பிட்டார்கள்.

மூன்றாவது வாரம், முற்பகல் வேளையில் டாக்டரம்மாவே வந்து வாசலில் நின்றார். பின்னால் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு ஒரு இளம்பெண். பல்லக்காவின் தூரிகையில் மாவு இருந்தது. ஒரு கணம் பழைய பழக்கத்தில் எழுந்துவிடப் பார்த்தாள். பிறகு, "உக்காருங்க டாக்டர், இந்த ஒண்ணை முடிச்சுடறேன்," என்றாள். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. நாத்தனார் நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.

டாக்டரம்மா உட்காரவில்லை. மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். பல்லக்கா மாவைத் துளித்துளியாக வைத்து, தட்டி, ஈரத்தை ஒற்றி எடுத்து, மறுபடி வைத்தாள். பல் கொஞ்சம் கொஞ்சமாகப் பல்லாயிற்று. அதை உலைக்குள் வைத்து மூடிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"இத்தனை வருஷத்துல இதை நான் பார்த்ததே இல்ல," என்றார் டாக்டரம்மா. "ஒருத்தர் வாயில கை வச்சிருக்கும்போது நானும் போன் எடுக்கறதில்ல."

அந்தப் பெண்ணை முன்னால் நகர்த்தினார். முன்பல் பாதியில் உடைந்திருந்தது. வெள்ளிக்கிழமை அவளுக்கு வேலைக்கு இன்டர்வியூ. "நிறத்த போன்ல சொன்னா சரியா வராது, நீயே பாரு. அதுக்குள்ள முடியுமா?"

"ஆகட்டும்" என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அவள் அதை நிறுத்தி, அலமாரியில் காத்திருந்த வேலைகளை ஒருமுறை பார்த்தாள். நாளைக் காலைக்கு எது, மறுநாளுக்கு எது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள்.

"வியாழக்கிழமை மத்தியானம் குடுத்துடறேன்," என்றாள். அது நடக்கும் என்று தெரிந்தே சொன்னாள். அப்படி ஒரு வாக்கு கொடுத்து எத்தனை காலமாயிற்று. அந்தப் பெண்ணை ஜன்னலோரம் நிற்கவைத்து, மற்ற பற்களின் நிறத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் பல் போய்ச் சேர்ந்தது. இனிமேல் பெட்டிகள் வருமா என்று அவள் கேட்கவில்லை, டாக்டரம்மாவும் சொல்லவில்லை. வெயில் இருக்கும்போதே கதவைப் பூட்டினாள். அந்த நேரத்துத் தெருவை அவள் பார்த்தே ரொம்ப நாளாகிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுவரோரம் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்தத்தில் வந்து நின்றது அவள் புருஷன் ஓட்டும் பேருந்து. ஏறிக்கொண்டாள்.

"ஒரு மணி வரைக்கும் யார் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டாங்களாமே, அந்த அம்மா நீங்கதானா?" என்றார் கண்டக்டர். "உங்க வீட்டுக்காரரு ரூட்டு பூரா சொல்லிட்டாரு. இருந்தாலும் டிக்கெட் எடுத்துடுங்க."

முன் இருக்கையில் உட்கார்ந்தாள். அவன் திரும்பவில்லை, வண்டி ஓட்டும்போது திரும்ப மாட்டான். மேலே இருந்த கண்ணாடியில் அவளைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தான். இடது ஓரப் பல் ஒன்று முனை உடைந்திருந்தது. எப்போது உடைந்ததோ, அவள் கவனித்ததே இல்லை. பேருந்து வெயிலுக்குள் திரும்பியது. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அந்தப் பல்லின் நிறம் எதுவாக இருக்கும் என்று கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.