வெள்ளை வீசும் உரிமை

கோடையில் மஞ்சளாறு வற்றி, எங்கள் ஊர் மடுவில் மட்டும் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது ஊர் கூடி மீன் பிடிப்போம். மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டு மூத்தவர்தான் கரையில் நின்று வெள்ளைத் துண்டைத் தலைக்கு மேல் வீசுவார். அதற்கு முன் பிடித்த மீன் செல்லாது. உயிரோடு திரும்ப விட வேண்டும். வீசிய பிறகு பிடிபடுவதில் ஆகப் பெரியது எங்கள் வீட்டுக்கு வரும். மீனுக்காகச் சொல்லவில்லை. மீன் வத்தலக்குண்டு சந்தையிலும் கிடைக்கும்.

2003-இல் எங்களைச் சீர்திருத்த திண்டுக்கல்லிலிருந்து அந்தோணிராஜ் வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். கொடைக்கானலில் வேலை பார்த்தபோது இறகுத்தூண்டில் பழகியவராம். அதற்குப் புழு ஆகாது. கோழி இறகை ஈ மாதிரி கட்டி முள்ளில் மாட்டி, சாட்டை சுழற்றுவதுபோல் முன்னும் பின்னும் சுழற்றி எறிய வேண்டும். மீன் கடித்தால் இழுத்து, தடவிக்கொடுத்து, போட்டோ எடுத்து, மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். இதற்கு ஒரு சங்கம்: மஞ்சளாறு பாதுகாப்பு மற்றும் இறகுத்தூண்டில் கழகம். உறுப்பினர்கள் பதினோரு பேர். அதில் பத்துப் பேருக்கு நீச்சல் தெரியாது.

மீன் பெருக இரண்டு வருடம் மடுவைத் தொடக்கூடாது என்றார். பதிலுக்குக் கரையில் மண்டிய கருவேல முள்ளை வெட்டித் தருவதாகச் சொன்னதும் ஊர் தலையாட்டியது. என் பங்காளி சங்கிலி மட்டும் எழுந்தான்.

"ரெண்டு வருசம் வெள்ளை வீசலேன்னா உரிமை அத்துப்போச்சுல்ல? அப்பறம் சீட்டுக் குலுக்கிப் பாத்துக்கிருவோம்."

அன்றே நான் கழகத்தில் தொண்டராகச் சேர்ந்தேன். மடு திறக்கும் நாளில் வெள்ளை வீசும் உரிமை எங்கள் வீட்டுக்கே என்று அந்தோணிராஜ் எழுதிக் கொடுத்தார். வங்கிக்காரர், முத்திரைகூட வைத்தார்.

ஞாயிறுதோறும் ஆற்றில் குப்பை பொறுக்கினோம். பிளாஸ்டிக் பை, டானிக் பாட்டில், யாரோ கழற்றி எறிந்த கல்யாண மாலை. எனக்கு ஒரு பச்சைத் தொப்பி தந்தார்கள். தலையில் வைக்கவில்லை, கையில் வைத்திருந்தேன். "சோலைமலை ஐயா வந்தாலே ஆத்துக்கு ஒரு மரியாதை," என்பார் அந்தோணிராஜ். மனுஷரிடம் அந்த ஒரு நல்ல பழக்கம் இருந்தது.

அந்த வைகாசியில் செயல்விளக்கம் வைத்தார். ஊரே கரைக்கு வந்தது. வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு மீன் அமுக்கும் ஊத்தாக்கூடை எதற்கு என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

"அப்பு, பிடிச்ச மீனுக்கு முத்தங் கொடுப்பீகளாம்ல? பொண்டாட்டி ஒண்ணும் சொல்ல மாட்டாகளா?" என்றாள் பேச்சாயி. எழுபது வயதிலும் அவள் வாய் ஓயவில்லை.

அந்தோணிராஜ் சிரித்துக்கொண்டே தூண்டிலைப் பின்னால் வீசினார். பின்னால் நின்றது நான். இறகு முள் என் தோள் துண்டைக் கவ்வியது. அவர் முன்னால் வீசினார். சலவை செய்து கஞ்சி போட்ட என் துண்டு, மடுவுக்கு மேல் விரிந்து, ஒரு சுற்றுச் சுற்றியது.

"வெள்ளை வீசியாச்சு டோய்!"

யார் கத்தியது என்று இன்றுவரை தெரியாது. அடுத்த நிமிடம் நூறு பேர் தண்ணீரில் இருந்தார்கள். கழகத்தார் விசில் ஊதினார்கள். அது திருவிழாவுக்கு மேளம்போல் அமைந்தது. கால் மணி நேரத்தில் மடு சேறானது.

சங்கிலி முழங்கை நீள விராலோடு கரையேறினான். "ஏண்ணே, வெள்ளை வீசுனது பேங்க்காரருல்ல? அப்ப இந்த மீனு திண்டுக்கல்லுக்கு அனுப்பணும். உரிமையும் கூடவே போகட்டும்."

ஊர் சிரித்தது. அந்தோணிராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, தூண்டில்ல மாட்டித் தவறிப் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. முறைப்படி வீசலேன்னா மீன் செல்லாதுல்ல? இன்னும் உசுரு இருக்கு, விட்டுருவாங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க."

கேட்பார்கள்தான். கூடைகளில் மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. ஆனால் என் தோளிலிருந்த துண்டை ஒரு கோழி இறகு பறித்துப்போனது என்று நூறு பேர் முன்னால் என் வாயாலேயே சொல்ல வேண்டும். அடுத்த ஊர்க்கூட்டம்வரை சங்கிலி அதைச் சொல்லிக்கொண்டே திரிவான்.

"நான்தான்யா வீசுனேன்," என்றேன். "கழட்டி முள்ளுல மாட்டிவிட்டதே நான்தான். கைவலி. அவரு எனக்குப் பதிலா கம்பப் பிடிச்சாரு, அம்புட்டுத்தான்."

சங்கிலியின் முகம் தொங்கியது. சாயங்காலம் விராலை அவனே சுமந்து வந்து என் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

கழகம் என்னை நீக்கியது. அதையும் எழுதி, முத்திரை வைத்து அனுப்பினார்கள். பச்சைத் தொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். முள் கிழித்த துண்டை அவர்கள் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த கோடையில் புதுத் துண்டோடு கரைக்குப் போனேன். ஊரில் பேச்சாயி ஒருத்திதான் வந்திருந்தாள், அதுவும் வெறுங்கையோடு. எதிர்க்கரையில் அந்தோணிராஜ் சாக்கோடு குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிமிரவில்லை.

"உள்ள தவளை கூட இல்லையேப்பா. யாருக்கு வீசப்போற?" என்றாள் பேச்சாயி.

முறை என்று ஒன்று இருக்கிறது. தலைக்கு மேல் உயர்த்தி, ஒரு சுற்று, நன்றாகவே வீசினேன்.